இருபதாவது வருடத்தில் ஏன் கிளம்புகிறார்கள்? துணை ராணுவ ஜவான்களின் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) பற்றி ஓர் எளிய விளக்கம்

"பட்டாளத்து வேலையை விட்டுட்டு வந்துட்டானாம்" என்று ஊரில் பேச்சு வந்தால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "என்ன தப்பு பண்ணினான்?" என்பதுதான். பெரும்பாலும் அவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார். இருபது வருடம் எல்லையிலோ காட்டிலோ நின்றுவிட்டு, விதி அனுமதிக்கும் முதல் நாளில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அந்த முதல் நாளுக்காக ஏன் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் 'மிலிட்டரி' என்று பொதுவாகச் சொல்லும் வேலைகளில் இரண்டு வகை உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., இந்தோ-திபெத் எல்லைப் படை, எஸ்.எஸ்.பி., அசாம் ரைஃபிள்ஸ் ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. மத்திய ஆயுதக் காவல் படைகள் என்பது இவற்றின் அரசுப் பெயர்; மக்கள் சொல்வது துணை ராணுவம். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஆவடியிலும் கோயம்புத்தூரிலும் சி.ஆர்.பி.எஃப். வளாகங்கள், அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் சி.ஐ.எஸ்.எஃப். பயிற்சி மையம், சிவகங்கை அருகே இலுப்பைக்குடியில் இந்தோ-திபெத் எல்லைப் படையின் மையம் என்று இருக்கின்றன. இந்தப் படைகளின் அடித்தட்டில் நிற்கும் கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள் ஆகியோரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிகாரிகளின் கதை வேறு.

ஒருவர் பணிக்காலம் முடியும் முன்பே வெளியேறச் சில வழிகள் உண்டு. ராஜினாமா, அதாவது ஓய்வூதிய உரிமை வரும் முன்பே விட்டுவிட்டுப் போவது. வி.ஆர்.எஸ்., அதாவது 20 வருடத் தகுதிப் பணி முடித்தபின் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு விருப்ப ஓய்வில் போவது. உடல்தகுதி இழந்து மருத்துவக் குழு அனுப்பிவைப்பது ஒன்று. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்படுவது, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போவது இரண்டும் தனி. செய்திகளில் இவையெல்லாம் ஒரே கூடையில் விழுந்து "இத்தனை ஆயிரம் பேர் வேலையை விட்டார்கள்" என்று வந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கு இது. 2011 முதல் 2021 மார்ச் வரை இந்தப் படைகளிலிருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர்கள் 81,007 பேர். ராஜினாமா செய்தவர்கள் 15,904 பேர். 2017-ஆம் ஆண்டில் மட்டும் 11,728 பேர் வி.ஆர்.எஸ். வாங்கினார்கள். பிறகு 2020 முதல் 2024 வரையிலான ஐந்து ஆண்டுகளில் வி.ஆர்.எஸ். 47,891, ராஜினாமா 7,664. ராஜினாமா செய்பவர் ஒருவர் என்றால் வி.ஆர்.எஸ். வாங்குபவர் ஐந்தாறு பேர். அதாவது, "இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கஷ்டம் தாங்கவில்லை, ஓடிவந்துவிடுகிறார்கள்" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. கஷ்டத்தை இருபது வருடம் தாங்கியவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள்.

அமெரிக்க ராணுவத்தில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே சேரும் சிப்பாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் ஒப்பந்தக் காலத்தையே முடிப்பதில்லை. அதிலும் கணிசமானோர் முதல் ஆறு மாதத்திற்குள் போய்விடுகிறார்கள். அதனால் அவர்களுடைய தீர்வுகளும் வாசலிலேயே நிற்கின்றன: யாரைச் சேர்ப்பது, சேரும் முன் எப்படித் தயார்படுத்துவது என்பவை. 2022 ஆகஸ்டில் தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில், உடல் எடையிலோ நுழைவுத் தேர்விலோ கொஞ்சம் பின்தங்கியவர்களைத் தேற்றி எடுப்பதற்கென்றே ஒரு முன்பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். நம் படைகளின் ஓட்டை வாசலில் இல்லை, நடுவில் இருக்கிறது. எனவே "ஆள் எடுக்கும்போதே உறுதியானவனாகப் பார்த்து எடு" என்ற அறிவுரை இங்கே அவ்வளவாக உதவாது.

இருபது என்ற எண்

சரி, ஏன் இருபது? பாதி விடை ஓய்வூதிய விதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் முழு ஓய்வூதியம் பெற 33 வருடப் பணி வேண்டும். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அந்த நிபந்தனை போய்விட்டது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர் 20 வருடம் முடித்து வி.ஆர்.எஸ். கேட்டால், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். இன்னும் பத்து வருடம் இருந்தாலும் அதே பாதிதான். சம்பளம் கூடுவதால் தொகை கொஞ்சம் கூடும், விகிதம் கூடாது.

இதை ஒரு ஜவான் எப்படிக் கணக்குப் போடுவார் என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்தாலே சம்பளத்தில் பாதி வரும். அப்படியானால் சத்தீஸ்கர் காட்டிலோ வங்கதேச எல்லையிலோ நின்று அவர் உண்மையில் சம்பாதிப்பது மீதிப் பாதியும் படிகளும்தான். அந்த மீதியை ஊரில் ஒரு செக்யூரிட்டி வேலையிலோ, வங்கிக் காவலிலோ, சொந்தக் கடையிலோ ஓரளவு ஈட்டிவிடலாம் என்று தோன்றினால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

மீதி விடை வயதில் இருக்கிறது. கான்ஸ்டபிள் தேர்வுக்கு வயது 18 முதல் 23. இருபது வருடம் கழித்து அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பிள்ளை பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும். அப்பா அம்மா எழுபதைத் தொட்டிருப்பார்கள். இத்தனை நாளும் வீட்டைத் தனியாக இழுத்த மனைவி களைத்திருப்பார். தனக்கே முழங்காலோ முதுகோ ரத்த அழுத்தமோ ஆரம்பித்திருக்கும். ஓய்வு வயது 2019-இல் எல்லாப் படைகளுக்கும் ஒரேபோல 60 ஆக்கப்பட்டது. அதற்கு முன் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவற்றில் கமாண்டன்ட் பதவி வரை 57 ஆக இருந்தது. நாற்பது வயதில் நின்றுகொண்டு இன்னும் இருபது வருடம் இதே வாழ்க்கை என்று நினைக்கும்போது மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

'குடும்பக் காரணம்' என்று எழுதுவதன் பொருள்

ஏன் போகிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்கும்போதெல்லாம் உள்துறை அமைச்சகம் சொல்லும் பதில் ஏறத்தாழ ஒன்றேதான்: தனிப்பட்ட மற்றும் குடும்பக் காரணங்கள், பிள்ளைகளின் நிலை, தன் உடல்நலம் அல்லது குடும்பத்தினரின் உடல்நலம், சமூகக் கடமைகள், சிலருக்கு வேறு நல்ல வேலை. இது பொய்யில்லை. விண்ணப்பத்தில் அவர்களே எழுதிக் கொடுப்பது அதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, "வீட்டுப் பிரச்சினை, படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று கோப்பை மூடுவதுதான் தவறு.

எல்லார் வீட்டிலும் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. எல்லார் பிள்ளையும் பத்தாவது எழுதுகிறது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அதற்காக வேலையை விடுவதில்லை, மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார். வேலை செய்யும் விதம் வீட்டை எட்டாத தூரத்தில் வைப்பதால்தான் அதே சாதாரணக் குடும்ப விஷயம் இங்கே வேலையை விடும் காரணமாகிறது. குடும்பக் காரணம் என்று எழுதியிருக்கும் இடத்தில் நான் படிப்பது 'லீவு கிடைக்கவில்லை', 'வீடு கிடைக்கவில்லை', 'இடமாற்றம் கிடைக்கவில்லை' என்ற மூன்றைத்தான்.

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜம்முவில் கத்ராவிலிருந்து கன்னியாகுமரி வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறைதான் ஓடுகிறது. பயணம் ஏறத்தாழ மூன்று நாள். முகாமிலிருந்து ரயில் நிலையம் வருவது தனி. ஒரு தென்மாவட்டத்துக்காரருக்கு வீட்டில் அவசரம் என்றால் என்ன நிலை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 பிப்ரவரியில், டெல்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் வழித்தடங்களில் எல்லா நிலை வீரர்களும் லீவுக்குப் போகும்போதும் விமானத்தில் போகலாம் என்று அரசு அனுமதித்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது. ஆனால் லீவு நாட்களைச் சாலையிலேயே தொலைக்காமல் காத்ததும் அதுதான்.

அடுத்தது லீவு. எல்லையிலும் காட்டிலும் இருக்கும் பெரும்பாலான படைகளில் ஜவானுக்கு வருடம் 60 நாள் ஈட்டிய விடுப்பும் 15 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு இது தாராளமாகத் தெரியும். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, தேதியில் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட லீவு கல்யாணம் முடிந்தபின் கிடைத்தால் அது லீவாகாது. சி.ஆர்.பி.எஃப். போன்ற படை கம்பெனி கம்பெனியாக, அதாவது சிறு சிறு பிரிவுகளாகப் பிரிந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மாநிலத்தில் தேர்தல், இன்னொன்றில் கலவரம், அப்புறம் அமர்நாத் யாத்திரை. பயிற்சிக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கிவைக்க வேண்டிய கம்பெனிகளையும் கேட்கிற மாநிலங்களுக்கு அனுப்பிவிட்டால், லீவு கொடுக்க ஆள் எங்கே மிஞ்சும்?

ஒவ்வொரு ஜவானும் வருடத்தில் 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்வோம் என்று அரசு அறிவித்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நல்ல எண்ணம், மனமார வரவேற்கிறேன். 2023-இல் அப்படி 100 நாள் இருந்தவர்கள் 8,636 பேர் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பத்து லட்சம் பேர் உள்ள படையில் இது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

வீடு மூன்றாவது. நக்சல் பகுதியிலும் எல்லைச் சாவடியிலும் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அமைதியான இடத்துக்கு மாற்றம் கிடைக்கும்போதும் குடியிருப்பு காலியாக இருக்காது. அல்லது பக்கத்திலேயே வேறு படையின் குடியிருப்பு பூட்டிக் கிடக்கும். இந்த இரண்டாவது அபத்தத்தைப் போக்கத்தான் 2022 செப்டம்பரில் 'இ-ஆவாஸ்' இணையதளம் வந்தது. ஒரு படையின் காலி வீட்டை இன்னொரு படைக்காரர் கேட்டு வாங்கலாம். பெரிதாகப் பேசப்படாத ஏற்பாடு, ஆனால் இந்தத் துறையில் நடந்த உருப்படியான காரியங்களில் ஒன்று.

பதவி உயர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல படைகளில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் ஹெட் கான்ஸ்டபிள் ஆக இருபது வருடத்தை ஒட்டிக் காத்திருக்கிறார். இடையில் 10, 20, 30 வருடங்களில் நிதி உயர்வு என்ற ஒன்று உண்டு. பதவி உயர்வே இல்லாதவருக்கும் சம்பளம் அடுத்த படிக்குப் போகும். 21,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் கான்ஸ்டபிள் இருபது வருடம் முடிக்கும்போது ஏ.எஸ்.ஐ. எனப்படும் உதவி சப்-இன்ஸ்பெக்டரின் சம்பளப் படியில் இருப்பார். தோளிலும் கையிலும் மட்டும் எதுவும் மாறியிருக்காது. நேற்று வந்த பையனோடு அதே காவல், அதே ஷிஃப்ட். பணம் உயர்ந்தும் மரியாதை உயராத நிலை இது. ஓய்வு பெறும்போது கௌரவமாக ஒரு படி மேல் பதவி தருவது என்று 2025-இல் உள்துறை முடிவு செய்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பட்டை கடைசி நாளில் கிடைக்கிறது. ஆள் கைவிட்டுப் போவது அதற்கு இருபது வருடம் முன்பு.

இன்னொரு விஷயத்தை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். 2020 முதல் 2024 வரை இந்தப் படைகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். இதை ஆராய அமைச்சகம் அமைத்த குழு, பெரும்பாலானவை லீவு முடிந்து திரும்பிய பிறகு நடந்தவை என்று கண்டது. வீட்டில் தீராத ஒன்றை அப்படியே விட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வி.ஆர்.எஸ். கேட்பவரையும் இவரையும் அழுத்தும் பாரம் ஒன்றுதான். அதனால் லீவு முடிந்து வந்தவரிடம் முதல் வாரத்திலேயே கம்பெனி கமாண்டரோ மூத்த ஹெட் கான்ஸ்டபிளோ உட்கார்ந்து "வீட்ல எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பது சம்பிரதாயம் அல்ல, முக்கியமான டூட்டி. 'சைனிக் சம்மேளன்' என்று எல்லோரையும் கூட்டி வைத்துக் குறை கேட்கும் வழக்கம் படைகளில் இருக்கிறது. ஆனால் நூறு பேர் முன்னால் எழுந்து நின்று யாரும் மனைவியோடு உள்ள மனக்கசப்பைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டில் படையில் இருப்பவர் யாராவது மனம் உடைந்து பேசினால், 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்; இலவசம்.

என்ன செய்யலாம்

படைத் தலைமையின் பக்கம் முதலில் செய்ய வேண்டியது எளிது: போகிறவரிடம் உண்மையாகக் கேட்பது. விண்ணப்பத்தில் 'குடும்பக் காரணம்' என்று ஒரு வரி வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாமல், பேர் போடாமல், கடைசியாக எத்தனை முறை லீவு ரத்தானது, கடைசி மூன்று போஸ்டிங் எங்கே, குடும்பத்தோடு எத்தனை மாதம் இருந்தார் என்று கேட்டுத் தொகுத்தால் எந்த பட்டாலியனில், எந்த வகைப் பணியில் ஆள் கரைகிறார்கள் என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், இந்தக் கேள்விகளை இருபதாவது வருடத்தில் கேட்காமல் பதினைந்தாவது வருடத்தில் கேட்பது. மூன்று மாத நோட்டீஸ் கையில் வந்தபின் பேசுவதில் பலன் குறைவு. முடிவு வீட்டில் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது தேதி மாறாத லீவு. 75 நாளை 100 ஆக்குவதைவிட, வருடத்தில் ஒரே ஒரு முறையாவது முன்கூட்டியே சொன்ன தேதியில், போர் போன்ற நெருக்கடி தவிர வேறெதற்கும் ரத்தாகாத முப்பது நாளை உறுதி செய்வது பெரிய மாற்றம் தரும் என்பது என் கருத்து. அதற்கு மாநில அரசுகளும் பொறுப்பேற்க வேண்டும். உள்ளூர்க் காவல்துறையை வலுப்படுத்தாமல் ஒவ்வொரு திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் மத்தியப் படையைக் கேட்டால், அதற்கான விலையை எங்கோ ஒரு ஜவானின் குடும்பம் கொடுக்கிறது. பிள்ளை பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் வருடங்களில் சொந்த மாநிலத்துக்குப் பக்கத்தில் போஸ்டிங் கொடுப்பதைச் சலுகையாக இல்லாமல் வழக்கமாக்கினால், சரியாக நாற்பது வயதில் விழும் அந்த அடி கொஞ்சம் மென்மையாகும்.

இனி, சேர நினைக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும். கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. தமிழ்நாடு உட்பட பல மாநிலங்கள் கேட்டுப் பெற்ற நல்ல மாற்றம். ஆனால் தேர்வு தமிழில் எழுதினாலும் பயிற்சி மைதானத்தில் காதில் விழுவது "சாவ்தான்", "விஷ்ராம்" என்ற இந்தி ஆணைகள்தான். பேச்சு இந்தி கொஞ்சம் பழகிவிட்டுப் போனால் முதல் மாதங்களின் தனிமை பாதி குறையும். விண்ணப்பத்தில் எந்தப் படை முதல் விருப்பம் என்று வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள். சி.ஐ.எஸ்.எஃப். என்றால் பெரும்பாலும் விமான நிலையம், அணு மின் நிலையம், தொழிற்சாலை. பி.எஸ்.எஃப். என்றால் பாகிஸ்தான், வங்கதேச எல்லை. இந்தோ-திபெத் படை என்றால் இமயத்தின் உயரமும் குளிரும். எஸ்.எஸ்.பி. நேபாள, பூட்டான் எல்லை. சி.ஆர்.பி.எஃப். என்றால் எங்கு வேண்டுமானாலும். அடுத்த இருபது வருடத்தின் வாழ்க்கை அந்த வரிசையில் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

பயிற்சியிலேயே "என்னால முடியல, வந்துடறேன்" என்று போன் வந்தால் திட்டாதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள். அதே சமயம் "கிளம்பி வா" என்றும் சொல்லிவிடாதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்த உடனே விடுதலை கிடையாது; அதைத் தலைமை ஏற்க வேண்டும், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லவும் விதி இருக்கிறது. லீவில் வந்தவர் திரும்பிப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. அனுமதியின்றி 30 நாள் தாண்டினால் பி.எஸ்.எஃப். சட்டப்படி விசாரணைக் குழு அமைத்து ஓடிப்போனவராகப் பதிவு செய்ய முடியும். நோயோ வீட்டுச் சிக்கலோ இருந்தால் அன்றைக்கே யூனிட்டுக்குத் தகவல் சொல்லி, மருத்துவச் சான்றோடு பதிவுத் தபாலில் எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

வெளியே வந்தவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் மத்திய அரசு இவர்களை 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்று அங்கீகரித்தது. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கு உள்ள வேலை ஒதுக்கீடு அப்படியே இவர்களுக்கு வந்துவிடவில்லை. சலுகை தருவது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. எனவே வி.ஆர்.எஸ். எழுதும் முன் ஊரில் என்ன வேலை என்பதை முடிவு செய்துகொண்டு எழுதுவது நல்லது.

கடைசியாக, வரும் ஆண்டுகளின் கணக்கைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தில் இல்லை; சம்பளத்தில் பிடித்து முதலீடு செய்து சேர்க்கும் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள். முப்படையினருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, இவர்களுக்கு இல்லை. இவர்களும் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியம் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்திலோ விருப்ப ஓய்வுக்கு 25 வருடப் பணி வேண்டும். உறுதியான தொகையும் இயல்பான ஓய்வு வயது வரும்போதுதான் தொடங்கும். 2004-இல் சேர்ந்தவர்களுக்கு 2024-இலேயே இருபது வருடம் முடிந்துவிட்டது. பாதிச் சம்பளம் கையில் வரும் என்ற கணக்கு இவர்களுக்குக் கிடையாது. எனவே வி.ஆர்.எஸ். எண்ணிக்கை இனி குறையலாம். அப்படிக் குறைந்தால், லீவும் வீடும் பதவி உயர்வும் அந்த ஆண்டுகளில் கூடியிருக்கின்றனவா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவை கூடாமல் இது மட்டும் குறைந்திருந்தால், போக வழியில்லாமல் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.